மின்தடைக்குப் பிறகு ஃபைபர் இணையத்தின் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

"நேற்று மாலை இரண்டு மணி நேரம் மின்தடை. மின்சாரம் வந்த பிறகு இணையம் கிடைக்கிறது, ஆனால் வேகம் பாதிக்கும் கீழே இருக்கிறது. ரவுட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டுவிட்டேன். வாடிக்கையாளர் சேவையில் தங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதே நிலையில் சென்ற ஐப்பசியில் நான் பதினோரு நாட்கள் தவித்தேன். தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடி மாலை நேரங்களில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். இடி மழையோடு போன மின்சாரம் இரவு எட்டு மணிக்குத் திரும்பியபோது கூடத்து விளக்கு ஒரு கணம் கண்ணைப் பறிக்கும்படி எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. மறுநாள் வகுப்பில் "சார், உங்க குரல் விட்டு விட்டு வருது" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த எனக்குக் கைப்பேசியில் ஒரு நேரம் 70, ஒரு நேரம் 12 என்று காட்டியது. ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகள் ஏற்பட்டு, ஒன்றை மற்றொன்று மறைத்துக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை நாள் ஆயிற்று.

முதலில், இனி ரவுட்டரை அணைத்துப் போட வேண்டாம். அதனால் சரியாகக்கூடிய கோளாறு முதல் தடவையிலேயே சரியாகியிருக்கும். இப்போது தேவைப்படுவது கம்பி வழியாக எடுத்த ஓர் அளவு. மடிக்கணினியில் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளை நேராக ஃபைபர் வந்து சேரும் பெட்டியில், அதாவது ஓ.என்.டி. என்று ஊழியர்கள் சொல்லும் அந்த வெள்ளைப் பெட்டியில் செருகி, வேகத்தைச் சோதியுங்கள். என் வீட்டில் இணையத்துக்கான உள்நுழைவை அந்தப் பெட்டியே செய்துகொள்கிறது. உங்கள் வீட்டில் அதை ரவுட்டர் செய்வதாக இருந்தால் மடிக்கணினியை ரவுட்டரில் செருகிப் பாருங்கள். காலையில் ஒரு முறை, மாலை ஏழு மணி அளவில் ஒரு முறை, பின்னிரவில் ஒரு முறை எனச் சோதித்து எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, அது அசையாமல் நிற்கிறதா, ஆடுகிறதா, மாலையில் மட்டும் சரிகிறதா என்பதுதான் பழுது இருக்கும் இடத்தைச் சொல்லும்.

எனக்குக் கிடைத்தவை 93.8, 94.1, 93.9. தெருவே இணையத்தில் இருக்கும் மாலை ஏழு மணிக்கும், யாரும் இல்லாத பின்னிரவுக்கும் ஒரே எண் வருகிறது என்றால், அது நெரிசல் அல்ல, இடையில் எங்கோ ஓர் இணைப்பு தன் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். வீட்டு லேன் இணைப்புகள் பொதுவாக 10, 100, 1000 எம்பிபிஎஸ் என்ற படிகளில்தான் வேலை செய்யும். 1000-க்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை; 100-க்கு இரண்டு ஜோடிகள் போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒன்று பழுதானாலும், பெரும்பாலான சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சிவப்பு விளக்கு எரியாது, எச்சரிக்கைச் செய்தியும் வராது. அந்த 100-லும் தரவுகளைச் சுமந்து செல்லும் உறைகளுக்கு ஒரு பங்கு போய்விடுவதால், சோதனையில் 94-ஐத் தாண்டாது. எனவே 150, 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கும் ஒருவருக்குக் கம்பி வழியிலும் 94-க்கு அருகில் எண் உறைந்து நின்றால், முதல் சந்தேகம் கேபிளைச் செருகும் துளையான போர்ட்டின் மீதும் கேபிளின் மீதும்தான் விழ வேண்டும்.

மின்சாரம் போய் வந்ததற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியாக மின்னெழுச்சி, அதாவது திடீரென எகிறும் மின்னழுத்தம், வீட்டுக்குள் வராது. ஆனால் பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் வழியாகவும், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையே ஓடும் செப்புக் கேபிள் வழியாகவும் வரும். மின்சாரம் திரும்பும் முதல் சில நொடிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது போர்ட்டின் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்களில் ஒன்று பாதி செத்துப்போகலாம். என் பெட்டியின் முதல் போர்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். கருகல் இல்லை, வாடை இல்லை, செம்புத் தகடுகள் எட்டும் பளபளப்பாகவே இருந்தன. மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: போர்ட்டின் ஓரத்தில் கடுகளவு மினுக்கும் விளக்கு முன்பு பச்சையாக இருந்தது, இப்போது ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அந்தப் பெட்டியில் பச்சை என்றால் 1000, ஆரஞ்சு என்றால் 100. பதினோரு நாட்களும் அது என் கண் முன்னால்தான் மினுக்கிக்கொண்டிருந்தது.

உங்கள் பெட்டியின் நிறங்கள் வேறாக இருக்கலாம் என்பதால் விளக்கை மட்டும் நம்பாமல், மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். எட்டுக் கம்பிகளும் பொருத்தப்பட்ட கேபிள்தானா என்றும் கவனியுங்கள். நான்கு கம்பிகளை மட்டும் வைத்து முனை அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கேபிளை மாற்றியும் 100 என்றே இருந்தால், பெட்டியின் இரண்டாவது போர்ட்டில் செருகிப் பாருங்கள். என் வீட்டில் இரண்டாவது போர்ட்டில் செருகிய அடுத்த நிமிடம் 207 காட்டியது. சில நிறுவனங்கள் முதல் போர்ட்டில் மட்டுமே இணையத்தைத் திறந்து வைத்திருக்கும். அப்படியானால் மற்ற போர்ட்டைத் திறந்து தரச் சொல்லியோ, பெட்டியையே மாற்றித் தரச் சொல்லியோ கேட்க வேண்டியிருக்கும்.

கம்பி வழியில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் எண் ஆடினால், பழுது காற்றில் இருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் தெருவில் உள்ள எல்லா ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, ஒவ்வொன்றும் தனக்கான சேனலை, அதாவது அலைவரிசைக்குள் ஒரு பாதையை, தேடும். வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பலரும் ஒரே சேனலில் போய் நெருக்கியடித்துக்கொள்கிறார்கள். ரவுட்டர் அமைப்பில் தானியங்கித் தேர்வை நீக்கி, கூட்டம் குறைந்த சேனலை நீங்களே நிர்ணயிக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல ரவுட்டர்களில் 2.4 முதலில் எழுந்துவிடும், 5 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாமதமாகவே வரும். காத்திருந்த கைப்பேசி கிடைத்த 2.4-ஐப் பிடித்துக்கொண்டு, பிறகு 5 வந்தாலும் அதிலேயே உட்கார்ந்துவிடும். கைப்பேசியின் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டாலே இது தீரும்.

என்னுடைய இரண்டாவது பழுது வேறு இடத்தில் இருந்தது. வைஃபை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வேகம் சரிவதும், வகுப்பில் குரல் விட்டு விட்டு வருவதும் ரவுட்டரின் அடாப்டரால்தான். எலெக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டரோடு வந்து பார்த்தபோது, 12 வோல்ட் என்று அச்சிடப்பட்ட அடாப்டர் ரவுட்டரில் செருகாமல் இருக்கும்போது 12.1 காட்டியது, செருகி, நான்கைந்து சாதனங்கள் வைஃபையில் ஓடத் தொடங்கியதும் 10.3-க்கு இறங்கியது. அலை பரப்புவதற்குத்தான் ரவுட்டர் அதிக மின்சாரம் இழுக்கிறது; அந்த நேரத்தில் அடாப்டர் கைவிட்டால், கம்பி வழி சீராக இருக்க, வைஃபை மட்டும் தள்ளாடும். புதிதாக வாங்கும்போது வோல்ட் அளவு அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அளவு அதேயாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். செட்டாப் பாக்ஸின் அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காக எண்களைப் பார்க்காமல் செருகிவிடாதீர்கள்.

வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், அதையும், கைப்பேசிகளின் புகைப்படக் காப்புப் பதிவையும் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு ஒரு முறை சோதித்துப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் அவை சேர்த்து வைத்ததையெல்லாம் ஒன்றாக மேலேற்றத் தொடங்கும். பதிவேற்றப் பாதை நிரம்பிவிட்டால் பதிவிறக்கமும் மந்தமாகிவிடும்.

இனி ஃபைபரைப் பற்றி. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அது உங்கள் கைக்கு உட்பட்டதல்ல. விளக்குகள் சரியாக இருந்தாலும், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். ஒரே ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் என்ற முறையில், பரவலாகப் பயன்படும் ரகப் பெட்டிகளுக்கு அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும். மூன்று டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. மைனஸ் 27-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால், பிழைகள் மிகுந்து வேகம் சரியும். காற்றிலும் மழையிலும் கேபிள் இழுபட்டிருக்கலாம், அலமாரியை நகர்த்தும்போது மடங்கியிருக்கலாம். முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்.

பக்கத்து வீட்டாருக்கும் அதே மந்தம் இருந்தால் பழுது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஜிபானில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் உள்ளூர் கேபிள்காரர் வழியாக இணைப்பு பெறும் பல இடங்களில், யாரோ ஒருவர் வீட்டு மாடியில் மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு போர்ட் 100-க்கு இறங்கிவிட்டால், தெருவே அந்த நூறைப் பங்கிட்டுக்கொள்ளும். கேபிள்காரரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: பெட்டியின் பின்புறம் ஊசித் துளையில் இருக்கும் ரீசெட் பொத்தானை யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள். தொலைபேசியில் பேசிய ஊழியர் சொன்னார் என்று நான் அழுத்தினேன். நிறுவனம் பதிந்து வைத்திருந்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, இருந்த 94-ம் போய், இரண்டு நாள் இணையமே இல்லை. காலாண்டுத் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு நான் சிறப்பு வகுப்பு வைத்திருந்த வாரம் அது. அவர்களில் ஒருத்தி வீட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அப்பாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

புகார் செய்யும்போது "மெதுவாக இருக்கிறது" என்று சொல்லாமல், கம்பி வழியில் எடுத்த மூன்று எண்களையும், நேரங்களையும், இணைப்பு வேகத்தையும், டிபிஎம் அளவையும் சொல்லுங்கள். "வைஃபையில் அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலுக்கு அதன் பிறகு இடமிருக்காது. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் தேவைப்படும்.

இப்போது பெட்டியையும் ரவுட்டரையும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றில் இணைத்திருக்கிறேன். இடி இடித்தால் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுகிறேன். மின்சாரம் வந்து பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகே திரும்பச் செருகுகிறேன். பழுதான முதல் போர்ட்டின் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்டர் ஒட்டி, "இதில் செருகாதே, 100 மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். புதுப் பெட்டி கேட்டுக் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.