மறைக்க எதுவுமில்லாதவரின் தொடர்புப் பட்டியல்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களையும் தொழில்நுட்ப நிறுவனங்களையும் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அவற்றில் தெரியும் பதற்றம் எனக்கு விளங்கவில்லை. நான் ஒளிவுமறைவு இல்லாதவன். எனக்குப் பிடித்தது எது என்று ஒரு நிறுவனம் தெரிந்துகொண்டு அதற்கேற்ப விளம்பரம் காட்டினால் எனக்கு என்ன நஷ்டம்? காசு வாங்காமல் சேவை தருகிறவன் வேறு எப்படிப் பிழைப்பான்?

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. போன மாதம் என் நண்பர் (பெயர் நீக்கப்பட்டுள்ளது) வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய அப்பாவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். அன்றிரவே என் போனில் செவிக்கருவி விளம்பரம் வந்து நிற்கிறது. நான் எதையும் தேடவில்லை. போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறதா?

மறைக்க எதுவுமில்லாத என்னைப் போன்றவர்களும் கணக்குகளை மூடிவிட்டு வெளியேறத்தான் வேண்டுமா? இதை வெளியிடுவதானால் என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைக் கடைசிக்கே விட்டுவிட்டு உறுத்தலிலிருந்து தொடங்குகிறேன்.

போன் ஒட்டுக் கேட்கிறது என்று நம்பாதவரை இன்று பார்ப்பது அரிது. ஒரு காலத்தில் நானும் நம்பினேன். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். மைக்கை ரகசியமாக இயக்கி ஒலியை வெளியே அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் சிக்கவில்லை. திரையில் நடப்பதைப் பிடித்து வெளியே அனுப்பிய செயலிகள்தாம் சிக்கின. அந்த ஆய்வு எல்லாக் காலத்துக்குமான நற்சான்றிதழ் அல்ல. ஆனால் நாள் முழுவதும் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும் போன் டேட்டாவையும் பேட்டரியையும் குடித்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும், அவ்வளவு சிரமப்பட்டு ஒட்டுக் கேட்கும் தேவையே விளம்பர நிறுவனங்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அன்று நடந்ததை நான் இப்படி ஊகிக்கிறேன். தந்தையின் காதைப் பற்றிக் கவலைப்படும் மகன், உங்களிடம் பேசுவதற்கு முன்பே செவிக்கருவிகளைப் பலமுறை தேடியிருப்பார். உங்கள் வீட்டு வைஃபையில் அவர் போன் இணைந்திருந்தால், இரண்டு போன்களும் வெளியுலகுக்கு ஒரே இணைய முகவரியாகவே தெரிந்திருக்கும். சமூக ஊடகத்தில் நீங்கள் இருவரும் நண்பர்களாகவும் இருக்கக்கூடும். ஒரே கூரையின் கீழ் ஒரு மணி நேரம் இருந்த இரண்டு நண்பர்களில் ஒருவர் தேடுவது மற்றவருக்கும் தேவைப்படலாம் என்று கணக்குப் போடுவதற்கு மைக் எதற்கு?

நீங்கள் தேடவில்லை, நீங்கள் பேசியதையும் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விளம்பரம் உங்களைத் தேடி வந்தது என்றால், உங்களைப் பற்றிய ஒரு முடிவு இன்னொருவர் செய்ததை வைத்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். ‘எனக்கு மறைக்க எதுவுமில்லை’ என்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை அது முழு உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் போனில் கிடப்பதில் பெரும்பங்கு அடுத்தவர்களுடைய விவரங்கள். அவர்கள் சார்பிலும் அப்படிச் சொல்ல உங்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

இதை எழுத உட்காரும் முன் என் போனின் தொடர்புப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். வெறும் பெயராக இருப்பவை பாதிகூடத் தேறாது. ‘டயாலிசிஸ் சென்டர்’ என்று ஒன்று, ‘வக்கீல் ஜீவனாம்சம்’ என்று ஒன்று, ‘எடுக்கக் கூடாது’ என்று மூன்று. ஒருவர் பெயரோடு ‘கடன் பாக்கி’ என்று சேர்த்து எழுதி வைத்திருந்ததை நானே மறந்துவிட்டேன். அவர் கடனை அடைத்து ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. என் பட்டியலில் மட்டும் இன்னும் கடனாளியாக இருக்கிறார். புதிதாக நிறுவும் செயலி ஒன்று தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்க, நம் பெருவிரல் பழக்கத்தில் ‘அனுமதி’யைத் தொடும்போது இத்தனை பேரும் சேர்ந்துதான் போகிறார்கள். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் சில இப்படித் திரண்ட பட்டியல்களை நம்பியே இயங்குகின்றன. எங்கோ ஒருவர் நம்மை எந்தப் பெயரில் குறித்து வைத்தாரோ, அதே பெயரில் முன்பின் தெரியாத ஒருவர் திரையில் நாம் தோன்றுகிறோம். அப்படி ஒரு பெயர் நமக்கு இருப்பதே நமக்குத் தெரியாது.

ஃபேஸ்புக்கில் 2013இல் ஒரு பிழை வெளிப்பட்டது. தன் தகவல்களைப் பதிவிறக்கிய ஒருவருக்கு, அவருடைய நண்பர்கள் அத்தளத்துக்கு ஒருபோதும் தராத தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து வந்தன. ஏறத்தாழ 60 லட்சம் பேரின் விவரங்கள் இப்படி வெளியாயின. அவர்கள் தராதது அங்கே எப்படி வந்தது? அவர்களை அறிந்தவர்கள் ஏற்றிய தொடர்புப் பட்டியல்களிலிருந்து வந்தது.

ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களை அரசியல் பிரச்சாரத்துக்காகத் திரட்டிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரம் 2018இல் வெடித்தபோது எல்லோரும் தேர்தலைப் பற்றியே பேசினார்கள். அதில் எனக்கு மறக்க முடியாதது ஒரு கணக்கு. ஆளுமை வினாடி வினாச் செயலி ஒன்றை நிறுவி ஒப்புதல் தந்தவர்கள் சுமார் 2,70,000 பேர். நண்பர்களின் விவரங்களையும் செயலிகள் எடுக்க அன்றைய விதி இடம் கொடுத்ததால், கைமாறிய விவரங்கள் 8.7 கோடிப் பேருடையவையாக இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. ஒருவர் சொன்ன ‘சரி’ 300க்கும் மேற்பட்டோரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதித்த 500 கோடி டாலர் அபராதத்தைத் தண்டனை என்று சிலரும், தொழில் நடத்துவதற்கான செலவு என்று சிலரும் சொன்னார்கள். நான் இரண்டாம் கட்சி.

மரபணுச் சோதனை நிறுவனமான ‘23 அண்ட் மீ’யில் 2023இல் நடந்த ஊடுருவலும் இதே வகைதான். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்துத் திறக்கப்பட்ட கணக்குகள் சுமார் 14,000. உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதியின் வழியே வெளியே போனவை 69 லட்சம் பேரின் விவரங்கள். மரபணு விஷயத்தில் இதை விளக்கவே வேண்டாம். ஒருவர் குழாயில் எச்சில் துப்பினால் உடன்பிறந்தவர்களும் பாதி துப்பிய மாதிரிதான்.

சட்டங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன என்று நினைக்கிறேன். ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விதிக்க முடியும் என்ற அதன் பல்லை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஐரோப்பியர்களின் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 2023இல் 120 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். ஆனால் அன்றாட வாழ்வில் அந்தச் சட்டத்தை நாம் சந்திப்பது ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் வந்து மறிக்கும் ஒப்புதல் பெட்டியாகத்தான். அந்தப் பெட்டியோ தனக்கும் எனக்கும் மட்டுமே பேச்சு என்று வைத்துக்கொள்கிறது. என் போனில் இருக்கும் நூற்றுக்கணக்கானோர் அந்தப் பேச்சில் எங்கும் இல்லை. ‘தனியுரிமை’ என்ற நம் சொல்லும் அதே பக்கம்தான் சாய்கிறது. என்னுடையது, வேண்டுமானால் வைத்திருப்பேன், வேண்டாவிட்டால் விற்றுவிடுவேன் என்ற தொனி அதில் இருக்கிறது. முன்பு புழங்கிய ‘அந்தரங்கம்’ இந்த இடத்துக்கு இன்னும் பொருந்துகிறது; ஒரு குடும்பத்துக்கும் இரண்டு நண்பர்களுக்கும்கூட அந்தரங்கம் உண்டல்லவா.

இலவசச் சேவை எப்படிப் பிழைக்கும் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. விளம்பரத்துக்கு நான் எதிரியல்ல. எந்த வாசகர் எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி நின்றார் என்று தெரியாமலே பத்திரிகைகள் பல தலைமுறைகளாக விளம்பரம் வெளியிட்டிருக்கின்றன. பிற செயலிகளிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் விதித்தது. அதனால் 2022இல் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டா சொன்னது. ஒரு கேள்வியை நேராகக் கேட்டதற்கு இவ்வளவு விலை என்றால், அதுவரை அதைக் கேட்காமலே எவ்வளவு சம்பாதித்திருப்பார்கள்? ட்விட்டர் நிறுவனமோ கணக்குப் பாதுகாப்புக்கென்று வாங்கிய தொலைபேசி எண்களை விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டு, 2022இல் 15 கோடி டாலர் கட்டியது. பூட்டுப் போடுவதற்கென்று சாவியை வாங்கிப் போனவர் வீட்டுக்குள் வந்து அலமாரியைக் கணக்கெடுத்த கதை அது.

வெளியேற வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன், வெளியேறுவதால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கணக்கே தொடங்காதவர்களின் விவரங்களையும் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் திரட்டுகிறோம் என்று 2018இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் சொன்னார். நீங்கள் கணக்கை மூடினாலும் உங்கள் எண் உங்கள் நண்பர்களின் பட்டியல்களில் இருந்துகொண்டுதான் இருக்கும். அதைவிட, போனின் அமைப்புகளுக்குள் போய் எந்தெந்தச் செயலிக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். டார்ச் அடிக்கும் செயலிக்கு உங்கள் அத்தையின் எண் எதற்கு என்று உங்களுக்கே கேட்கத் தோன்றும்.

நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது இன்னும் நீளமான ஒப்புதல் படிவத்தை அல்ல, குறைவாகச் சேர்ப்பதை. 2016இல் அமெரிக்க நீதிமன்ற விசாரணை ஒன்றுக்காகச் ‘சிக்னல்’ என்ற செய்திப் பரிமாற்றச் செயலியை நடத்துபவர்களிடம் ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களிடம் கொடுப்பதற்கு ஏதுமில்லை. அது பிடிவாதத்தால் நடந்ததல்ல; அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை.

உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள்; நீக்கிவிட்டேன். உங்கள் கடிதத்தில் நண்பரின் முழுப் பெயரும், அவர் வேலை பார்க்கும் இடமும், அவருடைய தந்தை சிகிச்சை பெறும் மருத்துவமனையும் இருந்தன. அவற்றை நீக்கும்படி நீங்கள் எழுதவில்லை. அவற்றையும் நீக்கியிருக்கிறேன்.