சிஸ்டரைக் கேளுங்கள்: பண்டிகை வாரமும் கட்டை விரலும்

பண்டிகை நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் 12 வருடம் கேஷுவாலிட்டியில் கழிந்தது. மனநல மருத்துவர் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பேசுகிறேன்.

கேள்வி: சிஸ்டர், பண்டிகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போதே ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தைக்கக் கொடுத்த துணி, ஒழுகுகிற குழாய், வருகிறவர்களுக்குப் படுக்கை என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. காலையில் எழுந்தால் பாதி மறந்துவிடுகிறது. மறுநாள் ராத்திரி மறுபடியும் அதே வரிசை. என்ன செய்வது?

பதில்: மறந்துவிடப் போகிறாய் என்று உங்கள் மூளை நினைவுபடுத்துகிறது. அது நல்ல வேலைக்காரன்தான், நேரம் பார்க்கத் தெரியாது, அவ்வளவே. முடிந்த வேலையைவிட முடியாமல் நிற்கிற வேலை மனதை அதிகம் பிடித்துக்கொள்ளும் என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே எழுதினார். 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். வேலையை முடித்தால்தான் மனசு விடும் என்பதில்லை, எப்போது, எங்கே, எப்படிச் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்தாலே பிடி தளர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள்.

எங்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். டியூட்டி முடிந்ததும் அடுத்து வருகிற சிஸ்டரிடம் ‘ஹேண்ட் ஓவர்’ கொடுக்க வேண்டும். மூன்றாம் கட்டிலுக்கு எட்டு மணிக்கு ஊசி, ஏழாம் கட்டிலுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதிச் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் தூக்கம் வரும். ஒரு தடவை நோயாளி ஒருவரின் மூக்குக் கண்ணாடியை என் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கண்ணாடிதான் என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

நீங்களும் ராத்திரி உங்களுக்கே ஹேண்ட் ஓவர் கொடுங்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம் வரப்போகிற வேலைகளை எழுதியவர்கள், முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதத் தூக்கம் சீக்கிரம் வந்ததாம். ஆகவே ‘துணி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘வியாழன் மாலை ஆறு மணி, தையல்காரரிடம், மகன் போவான்’ என்று எழுதுங்கள். மகனிடம் சொல்லிவிட்டு எழுதுவது நல்லது.

காகிதத்தில் எழுதுங்கள். போனைத் திறந்தால் தூக்கத்துக்கு வழி விசாரிக்கப் போய் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

கேள்வி: “ஊரே சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் உனக்கு மட்டும் என்ன டென்ஷன்?” என்கிறார் கணவர். நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

பதில்: இல்லை. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேய் என்ற இரண்டு மருத்துவர்கள் 1967-ல் மனிதனை உலுக்குகிற 43 நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50. (நல்ல காரியம்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை, கவனியுங்கள்.) விடுமுறைப் பயணத்துக்கு 13. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12. சின்னச் சட்ட மீறலில் மாட்டிக்கொள்வதற்கு 11 தான்! அந்த வருடம் ஏற்கெனவே தலையில் இருக்கிற சுமையோடு இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

உங்கள் வீட்டுப் பட்டியலில் பாதியை அவர் கையில் கொடுங்கள். அப்புறம் கேட்போம், அவருக்கு எத்தனை புள்ளி என்று.

கேள்வி: ‘மைண்ட்ஃபுல்னஸ்’ பழகினால் பதற்றம் குறையும் என்றார்கள். போனில் ஆப் ஏற்றினேன். தினமும் இருபது நிமிடம் உட்காரச் சொல்கிறது. பண்டிகை வாரத்தில் இருபது நிமிடத்துக்கு எங்கே போவேன்? உட்காராத குற்ற உணர்ச்சியும் இப்போது சேர்ந்துவிட்டது.

பதில்: ஆப்பைப் பண்டிகை முடியும்வரை மூடிவையுங்கள். தியானமும் செய்யாத வேலைகளின் பட்டியலில் போய் நின்றுகொண்டு உங்களை அதட்டினால், பிறகு எதற்கு அது?

உட்கார்ந்து பழகுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்தவர்களை வைத்து ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். எட்டு வாரம் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியது அது. இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் நடக்கிறது. ஓய்வான மாதம் ஒன்றில் நீங்களும் தொடங்குங்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீச்சல் பழக ஆற்று வெள்ளத்தில் இறங்காதீர்கள்.

இந்த மைண்ட்ஃபுல்னஸுக்கு, பழைய பௌத்த நூல்கள் எழுதப்பட்ட பாலி மொழியில் ‘சதி’ என்று பெயர். நம்முடைய சதி இல்லை, பயப்படாதீர்கள். ‘ஸ்மிருதி’ என்ற சொல்லின் பாலி வடிவம், நினைவு என்று பொருள். ரைஸ் டேவிட்ஸ் என்ற அறிஞர்தான் 1881-ல் அதற்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டார். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது நினைவில் இருப்பது, அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பாய் விரிக்க வேண்டியதில்லை.

நான் அதைக் கை கழுவும் தொட்டியில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகுமுன் கை சுத்தம் செய்தாக வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல்களின் பின்பக்கம், கட்டை விரல், விரல் நுனி என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை இங்கே இருக்கும், மனசு அடுத்த கட்டிலுக்கு ஓடியிருக்கும். ஒருநாள் சீனியர் சிஸ்டர் பின்னால் வந்து நின்று, “கட்டை விரலை விட்டுட்டே” என்றார். கிருமிக்காகச் சொன்னார். ஆனால் கட்டை விரலை விடாமல் கழுவ வேண்டும் என்றால் மனசும் கட்டை விரலுக்கு வந்தாக வேண்டுமே! வந்தது. தண்ணீரின் குளிர்ச்சி, சோப்பு நுரை, மோதிரம் கழற்றிய விரலில் இருக்கும் பள்ளம் எல்லாம் தெரிந்தன. அந்த ஒரு நிமிடத்தில் யாரும் என்னைக் கூப்பிடவும் மாட்டார்கள். கூச்சலும் ஓட்டமுமான எட்டு மணி நேரத்தில் எனக்கென்று இருந்த இடம் அந்தத் தொட்டிதான்.

பண்டிகை வாரத்தில் நீங்கள் எப்படியும் நாளைக்குப் பத்து தடவை கை கழுவுவீர்கள். அதில் மூன்று தடவையாவது கட்டை விரலை விடாதீர்கள். மனசு பாதியில் ஓடிப்போகும், அதில் தப்பில்லை. ஓடியது தெரிந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: வாசல் மணி அடித்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் பக்கத்தில் நிற்கிற குழந்தைகள்மேல் எரிந்து விழுகிறேன். கதவைத் திறக்கும்போது முகத்தில் சிரிப்பு, பின்னால் அழுகிற பிள்ளை. வெட்கமாக இருக்கிறது.

பதில்: என் மகள் சின்னவளாக இருந்தபோது இதே காட்சி என் வீட்டிலும் நடந்திருக்கிறது. அவள் இப்போது நன்றாக நடித்துக்காட்டுவாள், என் குரலிலேயே.

மணிக்கட்டில் விரல் வைத்து உங்கள் நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பு, மூச்சு வெளியே போகும் நேரத்தில் இதயத்துக்குக் கொஞ்சம் பிரேக் போட்டு வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் போதும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து முறை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. அதுவரை வாசலில் நிற்கிறவர் நிற்கட்டும், செருப்பைக் கழற்றவே சிலருக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

இன்னொன்று, குழந்தைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அம்மாவுக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது, உங்கள்மேல் இல்லை.” உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் அமிக்டலா என்ற அபாய மணிப் பகுதியின் துடிப்பு குறைவதை, மாத்யூ லீபர்மனும் அவர் குழுவினரும் 2007-ல் ஸ்கேனில் பார்த்தார்கள். குழந்தைகளுக்கும் விஷயம் புரியும்.

நர்ஸ் புத்தி, இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நெஞ்சில் அழுத்தம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி என்று வந்தால் மூச்சு எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விருந்தினர்கள் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்து தாமதமாக வந்தவர்களைப் பண்டிகைதோறும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு மாதம் முன்னாலேயே திட்டம் போடுகிறேன். இருந்தும் கடைசி நாள் தலைதெறிக்க ஓட்டம். என் திட்டத்தில் என்ன கோளாறு?

பதில்: எல்லார் திட்டத்திலும் இருக்கிற கோளாறுதான். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு 1994-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. சொன்ன நாளில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் மனக்கணக்கில் யாருக்கும் காய்ச்சல் வராது, எந்தக் கடையும் பூட்டியிருக்காது. ஆகவே போட்ட நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டினால் நாள் போதாதே என்பீர்கள். சரி, அங்கேதான் வெட்ட வேண்டும்.

ஒரே நேரத்தில் பத்துப் பேர் அடிபட்டு வந்தால் கேஷுவாலிட்டியில் ‘ட்ரையாஜ்’ பார்ப்போம். சிவப்பு என்றால் இந்த நிமிடம், மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் காத்திருக்கலாம். சத்தமாகக் கத்துகிறவர் பெரும்பாலும் பச்சையாக இருப்பார், கத்தத் தெம்பு இருக்கிறதே! வீட்டு வேலையிலும் அப்படித்தான். அதிகம் சத்தம் போடுகிற வேலை எது, அது நிஜமாகவே சிவப்பா என்று பாருங்கள். சிவப்பில் மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள்.

இருபது வருடமாக என் வீட்டில் திரைச்சீலை துவைப்பது சிவப்பில் இருந்தது. ஒரு வருடம் நைட் டியூட்டி மாற்றி மாற்றி வந்ததில் துவைக்கவே இல்லை. வந்தவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் நாத்தனார் மட்டும் நின்று பார்த்துவிட்டு, “திரை புதுசா அண்ணி?” என்று கேட்டார்.

கேள்வி: அம்மா போன பிறகு வருகிற முதல் பண்டிகை. “எப்போதும் போலச் செய்வோம், அம்மாவும் அதைத்தான் விரும்புவாள்” என்கிறார்கள் அண்ணனும் அண்ணியும். எனக்குக் கூட்டத்தை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. மனதை எப்படி அமைதியாக வைத்துக்கொள்வது?

பதில்: அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டாம், அம்மா. அழுகை வந்தால் வரட்டும்.

பண்டிகை நாள் டியூட்டியை யாரும் விரும்பிக் கேட்க மாட்டார்கள். நான் ஒரு வருடம் கேட்டு வாங்கினேன், அப்பா இறந்த வருடம். அன்று ராத்திரி வார்டில் பாதிக் கட்டில் காலி. விழித்திருந்த பெரியவர் ஒருவர், “உனக்கு வீடு இல்லையாம்மா?” என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். “என்ன வேலை பார்த்தார், எப்படிப் பேசுவார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை, எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். டியூட்டி வாங்கியது தப்பித்தல்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த வருடம் என்னால் முடிந்தது அவ்வளவு. அடுத்த வருடம் அரை நாள் வீட்டில் இருந்தேன்.

நீங்கள் முழு நாளுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் வருகிறேன், முடிந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவேன் என்று அண்ணியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே கைக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் துடைப்பது போல. சும்மா உட்கார்ந்திருப்பவரிடம்தான் எல்லாரும் வந்து தேறுதல் சொல்வார்கள். அம்மாவின் பேச்சை நீங்களே எடுங்கள். உங்கள் அண்ணனும் அதற்குத்தான் காத்திருக்கிறாரோ என்னவோ.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே, பண்டிகை அன்று நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில்: காலையில் எல்லாரையும் போல ஓடுவேன். இரண்டு தடவையாவது கத்துவேன், மகள் அதையும் நடித்துக்காட்டுவாள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கதவைச் சாத்திவிட்டு, காலை நீட்டித் தூங்குவேன். தெரிந்தவர்கள் இதைப் படித்தால் நாலரைக்கு மேல் வாருங்கள்.