தீயணைப்பாளர் மகன் கேமரா தூக்கினால்...

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உங்கள் மகன் அனுப்பிய நாலு நிமிஷ வீடியோவையும் பார்த்தேன். பிளஸ் டூ முடிக்கப்போகிறவன் தீயணைப்புத் துறையிலும் சேர வேண்டும், மீட்புப் பணிகளைப் படமாகவும் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்பா ஒருவர் அங்கே படும் பாடு போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வீடியோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரவு. வாசல் குழாயடி. உங்கள் வீட்டுக்காரர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்க்கிறார். சேற்றுத் தண்ணீரோடு ஆகாயத்தாமரை வேர் ஒன்று விழுகிறது. அதைத் தூரப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்திலிருந்து ஒரு கை துண்டை நீட்டுகிறது. உங்கள் கையாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் குளத்தில் மூழ்கிய பிள்ளையை எடுத்துக் கரை சேர்த்துவிட்டு வந்திருந்தார் என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பையன் வீடியோவில் அதை எங்குமே சொல்லவில்லை. பதினேழு வயதில் அந்த அடக்கம் லேசில் வராது. அதனால் ‘வேண்டாம் என்று நீங்களாவது புத்தி சொல்லுங்கள்’ என்ற உங்கள் வேண்டுகோளை நான் நிறைவேற்றப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் படத்தைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்று போனில் கேட்டேன். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்பாளர்களோடு இருந்து எடுத்த ஆவணப்படம் என்றான். நல்ல படம்தான். ஆனால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் விழுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய பகுதியை இன்னொரு தடவை பார் என்றேன்.

அதை இயக்கியவர்கள் மூன்று பேர். ஜேம்ஸ் ஹேன்லன், மன்ஹாட்டனில் டுவேன் தெரு நிலையத்தின் தீயணைப்பாளர், நடிகரும்கூட. மற்ற இருவரும் அவருடைய நண்பர்கள், பிரான்ஸில் பிறந்த நோடே சகோதரர்கள், ஜூல்ஸும் கெடியோனும். பேரிடரைப் படமெடுக்க அவர்கள் போகவே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பயிற்சி வீரர் எப்படித் தேறி வருகிறார் என்று காட்டுவதுதான் திட்டம். அந்தக் கோடையில் நிலையமே கதி என்று கிடந்தார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி தீ ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் வேலைக்கு வந்தாலே தீ வராது என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணினார்கள். செப்டம்பர் 10 ராத்திரி சகோதரர்கள் நிலையத்தாருக்குச் சமைத்துப் போட்டார்கள். மறுநாள் காலை தெருவில் எரிவாயுக் கசிவு என்று ஒரு சாதாரண அழைப்பு. அப்போது ஜூல்ஸுக்குக் கேமரா அவ்வளவாகப் பழக்கமில்லை. கை பழகட்டும் என்று பட்டாலியன் தலைவர் ஜோசஃப் ஃபைஃபரோடு போனார். 8.46க்கு முதல் விமானம் தலைக்கு மேலே பறந்து வடக்குக் கோபுரத்தில் மோதியது.

அதற்கப்புறம் நடந்ததில் நான்கைந்து விஷயங்களை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். கோபுரத்தின் கீழ்த்தளத்துக்குள் ஜூல்ஸ் நுழையும்போது பக்கத்திலேயே ஆட்கள் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தார்கள். கேமராவை அந்தப் பக்கம் அவர் திருப்பவில்லை. தெற்குக் கோபுரம் சரிந்து எல்லாம் இருட்டானபோது கேமரா விளக்குதான் அங்கே வெளிச்சம். வெளியே வந்த பிறகு வடக்குக் கோபுரமும் விழ, ஃபைஃபர் ஜூல்ஸ் மேல் விழுந்து தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். அண்ணன் செத்திருப்பான் என்று தம்பியும், தம்பி செத்திருப்பான் என்று அண்ணனும் நினைத்திருந்து, கடைசியில் நிலையத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த நிலையத்தார் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆனால் ஃபைஃபரின் தம்பி கெவின், இன்னொரு நிலையத்தின் அதிகாரி, கீழ்த்தளத்தில் அண்ணனைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனவர், திரும்பி வரவில்லை. அன்று அந்தத் துறை இழந்தது 343 பேரை. இடிபாட்டுத் தூசியால் வந்த நோய்களில் பிறகு இறந்த வீரர்களின் எண்ணிக்கை 2023இல் அதே 343ஐத் தொட்டது.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இரண்டையும் நானே செய்வேன் என்கிறானே உங்கள் பையன், அங்கே யார் எதைச் செய்தார்கள் என்று பாருங்கள். ஹேன்லனுக்கு அன்று பணி இல்லை. செய்தி தெரிந்து ஓடி வந்தவர் மீட்பு வேலையில் இறங்கினார். கேமரா நண்பர்கள் கையில் இருந்தது. ஹோஸ் பிடிக்கிற கை ஹோஸைத்தான் பிடிக்கும். நிலையத்துக்குள் ஒரு சொந்தக்காரன் இருந்ததால் வெளியாட்கள் அங்கே குடியிருந்து படமெடுக்க முடிந்தது. அந்தச் சொந்தக்காரர் உங்கள் பையனுக்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார்!

சரி, படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர் வேலைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம்தான் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்பு போதும், வயது 18 முதல். எழுத்துத் தேர்வு, அப்புறம் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடுவது, கயிறு ஏறுவது. இது உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதே ஆணையம் நடத்தும் நிலைய அலுவலர் தேர்வுக்குப் பட்டம் வேண்டும், ஆனால் எந்தப் பட்டமும் செல்லும். இங்கேதான் தம்பிக்கு வழி இருக்கிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்று வருஷம் படிக்கட்டும். அல்லது தரமணியில் இருக்கிற எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் முயற்சி செய்யட்டும். அங்கே நாலு வருஷப் பட்டம். கையில் பட்டமும் வரும், கேமராவும் பழகும், இருபத்தொன்று இருபத்திரண்டு வயதில் சீருடையா கேமராவா என்று அவனே முடிவு பண்ணலாம். தினமும் ஓடுவதை மட்டும் விட வேண்டாம்.

பொறியியல்தான் வேண்டும் என்றால் நாக்பூரில் மத்திய உள்துறையின் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. பேருந்துக்குப் பின்னால் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, நூறு சதவீத வேலை’ என்று எழுதியிருப்பதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் படிப்பு தொழிற்சாலை, கட்டுமான நிறுவனப் பாதுகாப்பு வேலைக்குத்தான் கொண்டுபோகும். சிலர் அதை வைத்து வளைகுடா போய் நன்றாக இருக்கிறார்கள், அது வேறு. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் நேரடித் தேர்வு கிடையாது. சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் சேர்ந்து, அங்கிருந்து அயல்பணியாகத்தான் போக முடியும்.

ஆவணப்படத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. கல்யாண வீடியோவும் விளம்பரமும் எடுத்துக் குடும்பம் நடத்திக்கொண்டே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு படம் முடிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருவேளை அவன் சீருடை போட்டுவிட்டால், துறை அனுமதி இல்லாமல் நிலையத்திலோ சம்பவ இடத்திலோ படமெடுத்து வெளியிட முடியாது. இப்போதே அப்பாவோடு வண்டியில் ஏறிப் போகலாம் என்ற நினைப்பு இருந்தால் அதற்கும் அதே பதில்தான். நேற்று இறந்த பிள்ளையின் முகத்தை அந்தத் தாய் யூடியூபில் பார்க்கக் கூடாது என்பது அவனுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 14 அன்று நிலையத்தில் அஞ்சலி நடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்துபோன 66 தீயணைப்பாளர்களுக்காக. வருஷம் தவறாமல் மௌனமாக நிற்கிறோம். அவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? இன்றைக்குக் கிணற்றில் விழுந்த மாட்டுக்கும் வீட்டில் புகுந்த பாம்புக்கும் இடிந்த கட்டடத்துக்கும் ஓடுகிறவர்கள் வீட்டுக்கு வந்து எப்படித் தூங்குகிறார்கள் என்று யாரும் எடுத்து வைக்கவில்லை என்றால் அவர்களுக்கும் அதே கதிதான். உங்கள் பையன் குழாயடியில் தொடங்கியிருக்கிறான்.

அவனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். முதலில் அப்பாவிடம் முறையாகக் கேட்க வேண்டும்; ஒளித்து எடுக்கக் கூடாது. அழைப்பே இல்லாத நாளில் அவர் என்ன செய்கிறார் என்று ஆறு மாதம் எடுக்க வேண்டும். பரீட்சை முடிந்த பிறகுதான், கவலைப்படாதீர்கள். உங்களிடமும் கேட்பான். அந்த இரவுகளில் அவர் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று.

இன்னொன்று. அவர் சரியாகத் தூங்கி நாலு மாதமாகிறது என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 14416 என்பது டெலி-மனஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பையனின் படிப்பை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம், அந்த போனை இந்த வாரமே போடுங்கள். அவர் பேச மாட்டேன் என்றால் நீங்கள் பேசுங்கள்.