சீசர் சைஃபரில் புள்ளியும் காலியிடமும்: கேட்டவர்களுக்குப் பதில்

ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதும் ரகசியக் குறியீடான சீசர் சைஃபருக்குப் பைதானில் நிரல் எழுதச் சொல்லியிருந்தேன். செங்கோட்டைப் பக்கமிருந்தும் கம்பம், களியக்காவிளையிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை.

களியக்காவிளை: அண்ணே, புளியரை பஸ் நேரத்தைக் கொடுத்தேன். 6.30 போய் 9163 ஆயிட்டு. காலியிடமெல்லாம் ஹேஷ் குறி.

தம்பி, கணினிக்கு எல்லாமே எண்தான். ஆங்கில எழுத்து, குறிகளுக்கு எண் தரும் ஆஸ்கி பட்டியலில் காலியிடம் 32; மூன்று கூட்டினால் 35, அது ஹேஷ். புள்ளி 46, அது 49 ஆனால் ‘1’. எழுத்தா என்று முதலில் பார். எழுத்தென்றால் தள்ளு, இல்லையென்றால் வந்தபடியே விடு.

ஆரியங்காவு: இஃப் போட்டேன் சேட்டா. இப்போ காலியிடமே காணோம், எல்லாம் ஒட்டிக்கிச்சு.

‘இல்லையென்றால்’ என்று சொல்லும் எல்ஸ் எங்கே? எழுத்தல்லாததையும் விடையில் சேர்க்க வேண்டும்.

கம்பம்: சின்ன இசட் அடைப்புக்குறியா மாறுது.

122 + 3 = 125, அதனால்தான். சின்ன ‘ஏ’வின் எண்ணான 97-ஐக் கழித்து, மூன்று கூட்டி, 26-ஆல் வகுத்த மீதியை எடுத்து, மறுபடி 97 கூட்டு. பெரிய எழுத்துக்கு 65. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இப்படி முதல் எழுத்துக்குச் சுற்றி வரவே இல்லையாம். கடைசி எழுத்துக்கு இரண்டு ‘ஏ’ போட்டார் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ்.

தென்காசி: அண்ணாச்சி, எழுத்தான்னு பார்க்கிற இஸ்ஆல்பா வச்சுத்தான் எழுதினேன். ‘கடை’ன்னு தமிழ்ல கொடுத்தா ஏதோ குப்பை வருது.

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பைதானின் இஸ்ஆல்பா ஆங்கிலத்தை மட்டும் எழுத்தென்று சொல்வதில்லை. ‘க’வும் அதற்கு எழுத்துதான். பெரிய எழுத்து இல்லை என்பதால் உங்கள் நிரல் 97-ஐக் கழிக்கிறது. ‘க’வின் எண் 2965. கழித்து, மூன்று கூட்டினால் 2871. 26-ஆல் வகுத்தால் மீதி 11. 97 கூட்டினால் 108, அதாவது சின்ன ‘எல்’. ‘ட’ இதே வழியில் ‘வி’ ஆகிறது. ஐகாரக் குறியை இஸ்ஆல்பா எழுத்தாகக் கொள்ளாததால் அது மட்டும் தப்பித்து, அந்த ‘வி’யின் வாலில் தொங்குகிறது. இதைத் திருப்பி அவிழ்க்கவும் முடியாது, மீதியிலிருந்து 2965 எப்படி வரும்? ஆஸ்கிக்குள் அடங்குமா என்று பார்க்கும் இஸ்ஆஸ்கியையும் சேர்த்துச் சோதியுங்கள், தமிழ் அப்படியே கடந்து போகும்.

புனலூர்: எல்லாம் சரி, 6.30 அப்படியே வெளியே தெரியுதே?

தெரியும்தான். அதற்காகத்தான் எண்ணை எழுத்தால் எழுதி, காலியிடத்தை நீக்கி, ஐந்தைந்து எழுத்தாகப் பிரித்து அனுப்பும் வழக்கம் இருந்தது. ஆனால் தள்ளும் வழி மொத்தமே 25. டீ ஆறுவதற்குள் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடலாம்.