சின்னத் துண்டு பயாப்சிக்கு ஈயோசின்: கேள்வி பதில்

தஞ்சாவூரில் திசுப் பரிசோதனைக் கூடத்தில் சீனியர் டெக்னீசியனாக இருக்கிறேன். டெல்டா பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்டவை இவை.

கும்பகோணம்: அக்கா, எண்டோஸ்கோப்பியில் எடுத்த பயாப்சித் துண்டை மெழுகில் வைக்கும்போது கண்ணுக்கே தெரியமாட்டேங்குது. என்ன பண்றது?

ஃபார்மலினில் வெளுப்பாகத் தெரிகிற துண்டு ஸைலீன் என்ற கரைப்பானுக்குப் போனதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உருகிய மெழுகுக்கும் நிறம் கிடையாது. அப்புறம் 2 மி.மீ. துண்டை எங்கே தேடுவது? திசுவை மெழுகுக்குத் தயார்செய்யும் ப்ராசஸர் கருவியில், ஸைலீனுக்கு முந்தைய ஆல்கஹால் கட்டத்திலேயே ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைக் கொஞ்சம் கலந்துவிடுங்கள், திசு சிவந்துவிடும். மெழுகில் வைக்க மட்டுமல்ல, திசு பதிந்த மெழுகுக் கட்டியான பிளாக்கை மைக்ரோடோம் கருவியில் மெல்லிசாகச் சீவும்போதும் அது கைகொடுக்கும். எனக்கு அதுதான் பெரிய பயன். சிவப்பு எட்டிப் பார்த்ததும் கை தானாக மெதுவாகும். நிறமில்லாத பிளாக்கில் பாதித் திசு சீவலோடு குப்பைக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

மன்னார்குடி: ஸ்லைடுக்குப் போடும் ஹெச் அண்ட் ஈ (ஹெமடாக்ஸிலின், ஈயோசின்) சாயத்தை அது கெடுக்காதா?

கெடுக்காது. மெழுகை எடுத்துவிட்டு ஆல்கஹால், தண்ணீர் என்று இறக்கும்போதே பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியில் நாம் போடுவதும் அதே ஈயோசின்தானே. ஒன்று மட்டும் கவனம்: ஈயோசின் ஒளிரும் சாயம். ஃபிஷ் மாதிரி, ஒளிரும் சாயத்தை வைத்துப் பார்க்கிற ஃப்ளூரசன்ஸ் பரிசோதனைக்குப் போகிற பிளாக் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாகப்பட்டினம்: இந்தியன் இங்க் போட்டால் ஆகாதா?

அதன் வேலை வேறு. அறுத்தெடுத்த கட்டியின் ஓரத்தைக் காட்டத்தான் அந்த மை. ஸ்லைடிலும் அழியாமல் நிற்க வேண்டும். புற்று ஓரம்வரை வந்திருக்கிறதா என்று டாக்டர் அந்தக் கறுப்புக் கோட்டை வைத்துத்தான் பார்ப்பார்.

சீர்காழி: காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்து மெர்குரோகுரோம் போட்டால்?

வேண்டாம் தம்பி. அதில் பாதரசம் இருக்கிறது. கழுவி ஊற்றினால் வாய்க்கால் வழியாகக் கடைமடைவரை போகும்.

திருவாரூர்: துண்டை வைக்கிற சின்னப் பெட்டியான கேசட்டின் ஓட்டையிலேயே அது நழுவிப் போனால் சாயம் என்ன செய்யும் அக்கா?

ஒன்றும் செய்யாது. வடிதாளில் மடித்துத்தான் கேசட்டில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எத்தனை துண்டு என்று எண்ணி எழுதிவிடுங்கள். நாலு என்று எழுதியிருந்து மெழுகில் மூன்றுதான் வந்தால், தாள் மடிப்பையும் கேசட் மூடியையும் பார்க்காமல் அடுத்த கேசட்டைத் திறக்காதீர்கள். வேதாரண்யத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து குழாய் விழுங்கியவரை மறுபடியும் கூப்பிட நமக்கு மனசு வருமா? இடுக்கி நுனியையும் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கிற சிவப்புத் துணுக்கு அடுத்தவர் பிளாக்கில் விழுந்தால், இல்லாத நோய் அவர் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இடையில் இடுக்கியைச் சூடாக்கித் துடையுங்கள்.