ஷெட் பத்திரமும் எம்.பி.பி.எஸ் சீட்டும்

ஐயா,

கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகளுக்கு முதல் சுற்றுக் கவுன்சலிங்கில் நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்து, சேர்ந்தும் விட்டாள். இரண்டாம் சுற்றில் கோவையிலேயே பேர்பெற்ற ஒரு தனியார் கல்லூரி, அரசு ஒதுக்கீட்டில், கிடைக்கும் போலிருக்கிறது. வருடம் நாலரை லட்சம். பட்டறை ஷெட்டின் பத்திரத்தை வைத்தால் வங்கியில் கடன் தருகிறார்கள். “புதுக் கல்லூரி, ப்ரொஃபஸரே இருக்க மாட்டாங்க, பொண்ணு கண்ணு முன்னாடி இருக்கட்டும்” என்கிறார் மச்சான். மனைவிக்கும் அதே எண்ணம். மகள் எங்கே என்றாலும் சரி என்கிறாள். பையன் பதினொன்றாம் வகுப்பு. வங்கியில் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு வாழ்த்துகள். நாகப்பட்டினத்திலேயே படிக்கட்டும்.

நான் கல்விக்கடன் பார்த்த காலத்தில், ‘அரசு ஒதுக்கீடு’ என்றாலே அரசுக் கட்டணம் என்று நம்பி வந்த பெற்றோர் நிறையப் பேர். அது சீட்டை அரசு நிரப்புகிறது என்பது மட்டும்தான். கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அது நீங்கள் சொல்லும் நாலரை லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அதே கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் அதைவிடப் பல மடங்கு. அரசுக் கல்லூரியிலோ வருடத்துக்கு இருபதாயிரத்துக்குள். நாகையில் ஹாஸ்டல், மெஸ், லீவுக்கு வந்துபோகிற செலவு எல்லாம் சேர்த்து மொத்தப் படிப்புக்கும் ஆவது, கோவைக் கல்லூரிக்கு ஒரே வருடம் கட்டுவதை ஒட்டித்தான் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் தனியார் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும், கேள்வியே எழுந்திருக்காது. நீங்கள் அதைக் குறிப்பிடாததால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடனாக வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். படிப்பு நாலரை வருடம், பயிற்சி ஒரு வருடம். கட்டணம் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல். (கடைசி அரை வருடத்துக்கு முழு வருடக் கட்டணம் கேட்பார்களா என்று யார் சேர்ந்தாலும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.) தவணை தொடங்குவது படிப்பும் பயிற்சியும் முடிந்து ஒரு வருடம் கழித்து. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். பத்து சதவீதம் தனிவட்டி என்று வைத்தால்கூட, தவணை தொடங்கும்போது கடன் முப்பது லட்சத்தை ஒட்டி நிற்கும். பதினைந்து வருடத்துக்கு மாதம் 32,000 ரூபாய். புதிதாக எம்.பி.பி.எஸ் முடித்து டூட்டி டாக்டராகப் போகிறவரின் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

அந்த வயதில் அவள் சம்பளத்துக்குப் போவாளா என்பதே சந்தேகம். இன்று எம்.பி.பி.எஸ்ஸோடு யார் நிறுத்துகிறார்கள்? மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்கு ஒன்றிரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த நேரத்தில் தவணையும் கோச்சிங் செலவும் உங்கள் பட்டறை வருமானத்தில்தான் விழும். பையனும் அப்போது கல்லூரியில் இருப்பான் அல்லது அப்போதுதான் முடித்திருப்பான். வீட்டில் கொஞ்சம் பணம் தேவைப்படும் இடம் அதுதான். அதை முதல் ஐந்து வருடத்திலேயே கரைத்துவிட வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அப்புறம் அந்தப் பத்திரம். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்து கேட்கும், அது வழக்கம்தான். ஆனால் ஷெட் உங்களுக்கு வெறும் சொத்து இல்லை. நாளைக்கு ஒரு சி.என்.சி மிஷின் வாங்க வேண்டும், பெரிய ஆர்டர் வந்து ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடன்) வேண்டும் என்றால் அதே பத்திரத்தைத்தான் கேட்பார்கள். அது இருபது வருடம் வேறு கடனுக்குள் கிடந்தால் தொழில் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும். பிள்ளைகளின் படிப்புக்காகத் தொழிலின் பத்திரத்தை வைத்தவர்களில் சிலர், தொழிலுக்குப் பணம் வேண்டும்போது வெளியில் வட்டிக்கு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மச்சான் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் நாகையும் ஒன்று. ஆசிரியர் பற்றாக்குறைக்காகத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இலிருந்து சேர்த்துவைத்த அனுபவத்தைப் புதுக் கல்லூரியில் எதிர்பார்க்கவும் முடியாது. முதல் வருட உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களில் அவளாகவே உட்கார்ந்து படிக்க வேண்டி வரலாம். ஆனால் நோயாளி வருகிறார். மாவட்டத்தின் பிரசவம், காய்ச்சல், விபத்து எல்லாம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். பயிற்சி வருடத்தில் ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது என்று கை பழக அந்தக் கூட்டம் வேண்டும். அந்த வருடம் அரசு தரும் உதவித்தொகையும் உண்டு. சில தனியார் கல்லூரிகளில் அது ஒழுங்காக வராமல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. பட்டமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இல்லாத வரை, இரண்டு இடத்திலும் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையதே.

கையில் அரசு சீட்டு இல்லாமல், கோவைக் கல்லூரியா இன்னொரு வருடம் நீட்டா என்று கேட்டிருந்தால் என் பதில் வேறு. கடன் வாங்கியாவது சேருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். நிர்வாக ஒதுக்கீடாக இருந்தால் அதையும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் மனைவியின் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. அப்கிரேடு, அதாவது அடுத்த சுற்றில் வேறு கல்லூரிக்கு மாற்றம், கேட்பதை விட வேண்டாம், அதற்குக் கொடுக்கும் கல்லூரிப் பட்டியலில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டாம் சுற்றில் வேறு கல்லூரி ஒதுக்கிவிட்டால் நாகை சீட் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் கோவையின் இரண்டு அரசுக் கல்லூரிகள், திருப்பூர், பெருந்துறையில் இருக்கும் ஈரோடு கல்லூரி, நாமக்கல், ஊட்டி, கரூர், சேலம் என்று அரசுக் கல்லூரிகளை மட்டும் வரிசையாகப் போடுங்கள். கிடைத்தால் வீட்டுக்குப் பக்கம், இல்லாவிட்டால் நாகை கையிலேயே இருக்கும். “சும்மா ஒன்று இருக்கட்டும்” என்று அந்தத் தனியார் கல்லூரியைக் கடைசியில் சேர்த்துவிடாதீர்கள். பட்டியலை லாக் செய்து உறுதிப்படுத்துவதற்கு முன் மகளும் நீங்களும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து சரிபாருங்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வரும் வேலை இல்லை இது.

அன்புடன்.