கன்டெய்னர் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: மலேசிய ரப்பர் மரத்தில் செய்த சாப்பாட்டு மேசைக்கும் ஆறு நாற்காலிகளுக்கும் 38,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள். நான்கு மாதமாகிறது. கேட்டால் ‘செங்கடலில் சண்டை, கன்டெய்னர் சிக்கிக்கொண்டது’ என்கிறார்கள். இப்போது கப்பல் கட்டணம் ஏறிவிட்டது என்று மேலும் 9,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உலகப்படம் இருந்தால் விரித்துப் பாருங்கள். மலேசியச் சரக்கு நமக்குக் கிழக்கேயிருந்து வருகிறது. மலாக்கா நீரிணையைத் தாண்டித் தூத்துக்குடிக்கு நேராக வரும், அல்லது கொழும்பில் இறங்கி வேறு கப்பல் மாறி வரும். செங்கடல் மேற்கே, அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் கிடக்கிறது. உங்கள் மேசைக்கு அங்கே என்ன வேலை?

செங்கடல் சிக்கல் உண்மைதான். 2023 நவம்பரில் ஏமன் நாட்டின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய கப்பல் நிறுவனங்கள் செங்கடலையும் அதன் வடமுனையிலுள்ள சூயஸ் கால்வாயையும் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. கப்பல்கள் கூடுதல் நாள் கடலிலேயே கிடந்ததால் காலிப் பெட்டிகள் உரிய நேரத்தில் திரும்பவில்லை. 2024-இன் நடுவில் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் நெரிசல். ஆகவே அந்த வழியில் போகாத சரக்குக்கும் சில வாரத் தாமதம் நேர்ந்ததுண்டு. அதை வைத்து நான்கு மாதத்துக்குக் கதை சொல்ல முடியாது.

கடைக்காரரிடம் கன்டெய்னர் எண்ணைக் கேளுங்கள். வாகைக்குளம் சுங்கச்சாவடியில் தூத்துக்குடிக்குப் போகும் லாரிகளின் பின்கதவைப் பார்த்திருப்பீர்கள்: நான்கு ஆங்கில எழுத்துகள், அடுத்து ஆறு இலக்கங்கள், கடைசியாகச் சிறு கட்டத்துக்குள் ஒற்றை இலக்கம். அந்தக் கடைசி இலக்கம், முன்னால் உள்ளவை சரிதானா என்று சோதிப்பதற்கு. இந்த எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் பெட்டி எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்பது தேதியோடு வரும். சரக்கு கிளம்பியிருந்தால் எண் இருக்கும். கொடுக்க மறுத்தால், கிளம்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து, முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: ‘துறைமுகத்தில் யாரும் எடுக்காத கன்டெய்னர், உள்ளே செல்போன்கள், பாதி விலை’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. முன்பதிவு செய்யலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம். கேட்பாரற்ற சரக்கை முறைப்படி ஏலம்தான் விடுவார்கள், வாட்ஸ்அப்பில் விற்கமாட்டார்கள்.

கேள்வி: சீனத் தயாரிப்பு ஏர் ஃப்ரையர் ஒன்றை விலை பேசி வைத்திருந்தேன். 2024 ஜூலையில் வாங்கப் போனபோது 1,500 ரூபாய் ஏற்றியிருந்தார்கள். ‘எல்லாம் கப்பல் வாடகை, அண்ணாச்சி’ என்றார் விற்பனையாளர். வாங்கிவிட்டேன். அது நியாயமான விலைதானா?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு பொய்யை நான் பல ஆண்டுகளாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது அடிக் கன்டெய்னரின் சராசரி வாடகை, உலக வழிகளைச் சேர்த்துப் பார்த்தால், கொரோனாக் காலத்து உச்சமான 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. 2023 அக்டோபரில் 1,400 டாலருக்கும் கீழே விழுந்தது. செங்கடல் சிக்கலால் 2024 ஜூலையில் மறுபடி 6,000 டாலரை நெருங்கியது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எத்தனை ஏர் ஃப்ரையர் அடங்கும்? ஒன்றின் அட்டைப்பெட்டி ஒவ்வொரு பக்கமும் ஓரடிக்குச் சற்றே கூடுதல் என்று வைத்தால், ஏறத்தாழ 1,400. வாடகை 6,000 டாலரானாலும் ஒன்றுக்கு விழுவது நான்கு டாலர் சொச்சம், சுமார் 360 ரூபாய். வாடகை மலிந்த காலத்தில் அதுவே ஒரு டாலர். ஆக, நியாயமாக ஏறக்கூடியது முந்நூறு ரூபாய்க்குள். சீனாவிலிருந்து நம் துறைமுகங்களுக்கு வரும் வழி ஐரோப்பிய வழியைவிடக் குறுகியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களிடம் வாங்கியது 1,500.

சோபா, மெத்தை, பிளாஸ்டிக் தொட்டி போன்றவை வேறு கணக்கு. இடத்தை அடைக்கும், விலை குறைவு. ஒரு பெட்டியில் நாற்பது சோபா ஏறினால் பெரிது. அங்கே வாடகை உண்மையாகவே விலையைத் தூக்கும். கைக்கு அடங்கும் பொருளுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

நானும் ஏமாந்தவன்தான். 2021-இல் எழுதுவதற்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கினேன். ‘இறக்குமதி, கப்பல் கட்டணக் கூடுதல்’ என்று பில்லில் 2,200 ரூபாய் தனி வரியாக எழுதினார்கள். எனக்கும் முதுகு வலி, பேரம் பேசும் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்து சக்கரம் மாட்டுவதற்காகக் கவிழ்த்தேன். இருக்கைக்கு அடியில், பிசினோடு பாதி உரிந்த சீட்டு: தயாரித்த இடம் கோயம்புத்தூர். கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு எந்தக் கடல் வழியாக வந்தது அந்த நாற்காலி? அந்தப் பணம் திரும்பவில்லை, கோபமும் தீரவில்லை. அன்றிலிருந்து கடையிலேயே பொருளைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். இறக்குமதிப் பொருளின் அட்டைப்பெட்டியில் தயாரான நாடு, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விலைக்கு மேல் கப்பலின் பெயரைச் சொல்லிக் கேட்பதும் குற்றம்தான். உங்கள் பெட்டியைத் தூக்கிப் போடவில்லையென்றால், அச்சிட்ட விலையையும் பில்லையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து வீடு மாற்றி வந்தோம். லாரியில் டி.வி. திரை உடைந்திருந்தது. கண்ணாடி அலமாரியும் போயிற்று. ஐந்து மாதமாக நிறுவனம் பதில் சொல்லவில்லை. ‘எல்லாம் நல்ல நிலையில் கிடைத்தது’ என்ற தாளில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: கட்டுப் பிரிக்காமல் கையெழுத்துப் போட என்ன அவசரம்? லாரிக்காரர் பத்து நிமிடம் காத்திருந்தால் குடிமுழுகிப் போகாது. பாலம் இடிந்ததுபோல வருந்தி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் இழப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சண்டை போட்டது கணக்கில் வராது. உங்களுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. ரசீது, இறக்கிய அன்று எடுத்த படங்கள், டி.வி. பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுக்கும் மதிப்பீடு எல்லாம் சேர்த்து இந்த வாரமே அனுப்புங்கள்.

கேள்வி: துபாயிலிருக்கும் தம்பி கூரியரில் அனுப்பும் பெட்டியில் ‘பரிசு’ என்று எழுதினால் சுங்க வரி கிடையாதாமே?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: 2019 டிசம்பரிலேயே அந்தச் சலுகை போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் உண்டு.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வெளிநாட்டிலிருந்து எனக்கு வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டியிருப்பதாகவும் அதில் தடை செய்த பொருள் இருப்பதாகவும் ஒரு ‘அதிகாரி’ பேசினார். பயந்துபோய் அவர் சொன்ன கணக்குக்கு நேற்று 62,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்ததும் முதலில் உங்களுக்குத் தொலைபேசியில்தான் பதில் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சுங்கத்துறை எந்த வரியையும் தனிநபர் வங்கிக் கணக்கில் வாங்குவதில்லை. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். சீக்கிரம் பேசினால், அடுத்த கணக்குக்கு நகரும் முன் பணத்தை முடக்க வழியுண்டு. நீங்கள் செய்தது தவறில்லை, அச்சுறுத்தியவன்தான் குற்றவாளி. வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள். மகளிடம் சொல்லி, கூட அழைத்துப் போங்கள்.